ஒரே அரசனுக்கு மூன்று நுழைவுச்சீட்டுகள்: துட்டன்காமனைப் பார்க்கச் செல்வோருக்கு ஒரு மதிப்புரை

எகிப்துக்குச் செல்பவர் அந்நாட்டின் பண்டைய அரசன் துட்டன்காமனைப் பார்க்க வேண்டுமென்றால் இன்றைக்கு மூன்று இடங்களில் பணம் கட்ட வேண்டும். லக்சர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், அரசர்களின் பள்ளத்தாக்கில் இருக்கும் அசல் கல்லறை முதலாவது. அந்தப் பள்ளத்தாக்குக்குத் திரும்பும் சாலையின் முகப்பில், கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டர் குடியிருந்த வீட்டின் அருகே, நிலத்துக்கடியில் அமைக்கப்பட்டிருக்கும் கல்லறையின் நகல் இரண்டாவது. கீசா பிரமிடுகளுக்குப் பக்கத்தில் 2025 நவம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்ட மாபெரும் எகிப்திய அருங்காட்சியகத்தின் துட்டன்காமன் கூடங்கள் மூன்றாவது. நான் விசாரித்த பயண ஏற்பாட்டாளர்களில் எவரும் இரண்டாவதைத் தம் திட்டத்தில் சேர்த்திருக்கவில்லை. கேட்டபோது, அசலைப் பார்த்த பிறகு நகல் எதற்கு என்ற பதில்தான் வந்தது. மூன்றையும் பார்த்த பிறகு அந்தப் பதில் தவறானது என்று சொல்வதற்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

எட்டு அல்லது ஒன்பது வயதில் அரியணை ஏறி, ஏறத்தாழ பத்தொன்பது வயதில் இறந்துபோன ஒருவனுடைய வாழ்வும் சாவும் அங்கே எவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன என்பதே மூன்று இடங்களையும் எடைபோட நான் வைத்துக்கொண்ட அளவுகோல். தங்கத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. அது கீசாவில் தேவைக்கு மேல் கண்ணில் படுகிறது.

முதலில் அசல் கல்லறை. பள்ளத்தாக்கின் பொது நுழைவுச்சீட்டில் திறந்திருக்கும் கல்லறைகளில் மூன்றைப் பார்க்கலாம். ஆனால் துட்டன்காமன் கல்லறை அந்த மூன்றில் அடங்காது, அதற்குத் தனிச்சீட்டு எடுக்க வேண்டும். வாயிலிலிருந்து மின்வண்டியில் கொஞ்ச தூரம் சென்று இறங்கினால், ஆறாம் ராம்சேஸின் பிரம்மாண்டமான கல்லறைக்குக் கீழே, ஒதுக்குப்புறமாக அதன் வாயில் தெரிகிறது. அந்தப் பெரிய கல்லறையைத் தோண்டியவர்களின் குடிசைகளும் அவர்கள் கொட்டிய கற்குவியலும் இதன் வாயிலை மூடிக்கிடந்ததால்தான், பழங்காலத்திலேயே இருமுறை திருடர்கள் நுழைந்திருந்தும், பெரும்பகுதிப் பொருள்கள் 1922 நவம்பர் 4 அன்று முதற்படி கண்ணில் படும்வரை தப்பிக் கிடந்தன. பதினாறு படிகள் இறங்கி, ஒரு குறுகிய சரிவுப் பாதையைக் கடந்தால் முன்னறை வருகிறது. அதில் இப்போது அரசனுடைய உடலம் வைக்கப்பட்டுள்ள கண்ணாடிப் பேழையைத் தவிரப் பழைய பொருள் எதுவும் இல்லை. அங்கிருந்து ஒரு மரமேடையில் நின்று, தாழ்வான தளத்தில் இருக்கும் அடக்க அறையையும் அதன் நடுவே உள்ள கற்பேழையையும் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். நான்கு அறைகளையும் பாதையையும் சேர்த்தாலும் மொத்தப் பரப்பு சுமார் 110 சதுர மீட்டர். நான்கில் ஒன்றில் மட்டுமே ஓவியம் உண்டு.

உள்ளே போனவர்களில் பலர் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து, இதற்கா இவ்வளவு பணம் என்று முகம் சுளிப்பதை அங்கே நின்றால் கேட்கலாம். அவர்கள் ஏமாறுவதற்கு நியாயம் இருக்கிறது. பக்கத்திலேயே கூரை முழுதும் வானதேவதை நீண்டு கிடக்கும் ஆறாம் ராம்சேஸின் கல்லறை இருக்கும்போது, இந்தச் சிற்றறைகளைக் கண்டு வியக்கச் சொல்வது எளிதன்று. ஆனால் அந்தச் சிறுமைதான் இங்கே கிடைக்கும் முதல் செய்தி. இது அரசனுக்காகத் திட்டமிடப்பட்ட கல்லறையாகத் தோன்றவில்லை. வேறு எவருக்கோ வெட்டப்பட்ட சிறிய கல்லறை, அரசன் எதிர்பாராமல் இறந்ததால் அவசரமாக விரிவுபடுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. உடலத்தைப் பதப்படுத்தி அடக்கம் செய்ய மரபுப்படி எழுபது நாள்கள். அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். சவப்பெட்டிமீது கிடந்த மாலைகளில் இருந்த பூக்களையும் காய்களையும் வைத்து, அடக்கம் மார்ச் மாதத்தின் நடுவிலிருந்து ஏப்ரல் இறுதிக்குள் நடந்திருக்க வேண்டும் என்று கணித்திருக்கிறார்கள்.

மேடையில் நின்றபடி சுவர்களைப் பொறுமையாகப் பார்த்தால் அந்த அவசரத்துக்குப் பின்னால் இருந்த அரசியலும் தெரியும். வடக்குச் சுவரின் வலக்கோடியில் சிறுத்தைத் தோல் போர்த்து, இறந்தவர் மறுமையில் உண்ணவும் பேசவும் வழிசெய்யும் வாய் திறப்புச் சடங்கை அரசனின் உடலத்துக்குச் செய்பவர் ஆய் என்ற முதிய அதிகாரி. தலையில் அரசனுக்குரிய நீலமகுடம் இருக்கிறது. இறந்தவனுடைய கல்லறைச் சுவரிலேயே அடுத்து ஆளப்போகிறவர் பெயரோடும் மகுடத்தோடும் நின்று சடங்கு செய்யும் காட்சி அரசர்களின் பள்ளத்தாக்கில் வேறெங்கும் இல்லாதது. ஈமச்சடங்கைச் செய்பவனே வாரிசு என்பது எகிப்தியர் வழக்கம். பிள்ளை இல்லாமல் இறந்த அரசனுக்கு அந்தக் கடமையைச் செய்து ஆய் தன் உரிமையைச் சுவரில் எழுதிவைத்துவிட்டார் என்றே நான் அதைப் படிக்கிறேன். மேற்குச் சுவரில் பன்னிரண்டு பபூன் குரங்குகள் இரவின் முதல் நாழிகையைக் குறித்து அமர்ந்திருக்கின்றன. கிழக்குச் சுவரில் அரசவையினர் பன்னிருவர் சவப்பெட்டி வைத்த சறுக்குவண்டியை இழுத்துச் செல்கின்றனர்.

சுவரெங்கும் தெறித்திருக்கும் பழுப்புப் புள்ளிகளைப் பார்த்து, சுற்றுலாப் பயணிகளின் மூச்சால் வந்த சேதம் என்று நினைப்பவர்கள் உண்டு. 2009 முதல் பத்தாண்டுகள் இங்கே எகிப்தியத் தொல்லியல் துறையோடு சேர்ந்து பணியாற்றிய அமெரிக்காவின் கெட்டி (Getty) கலைப்பொருள் பாதுகாப்பு நிறுவனம் அந்தப் புள்ளிகளைச் சோதித்து, அவை நுண்ணுயிர்களால் ஏற்பட்டவை என்றும், அந்த உயிர்கள் எப்போதோ செத்துவிட்டன என்றும் கண்டறிந்தது. 1920களில் அகழாய்வுக் குழுவின் புகைப்படக்காரர் ஹாரி பர்ட்டன் எடுத்த புகைப்படங்களோடு ஒப்பிட்டபோது புள்ளிகள் சிறிதும் வளரவில்லை. சுவரின் சாந்தும் வண்ணமும் உலர்வதற்கு முன்பே கல்லறையை மூடியதால் வந்தவையாக அவை இருக்கலாம் என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. வண்ணப்பூச்சுக்குள் ஊறிவிட்டதால் அவற்றை நீக்கவும் முடியாது. பயணிகளால் வந்த உண்மையான தொல்லை தூசியும் ஈரமும்தான். அதற்காகவே புதிய காற்றோட்ட அமைப்பும் மேடையும் விளக்குகளும் பொருத்தப்பட்டன. விளக்கமைப்பைப் பாராட்டியாக வேண்டும். கண்ணைக் கூசாமல், ஓவியத்தின் மஞ்சளை மஞ்சளாகவே காட்டுகிறது.

உடலத்தைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. 2007 நவம்பரில் கற்பேழையிலிருந்து எடுத்து, வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட கண்ணாடிப் பேழைக்குள் வைத்தார்கள். துணி போர்த்து, முகமும் பாதங்களும் மட்டும் தெரியும்படி விட்டிருக்கிறார்கள். 1925 நவம்பரில் கார்ட்டரும் உடற்கூற்று அறிஞர் டக்ளஸ் டெர்ரியும் அந்த உடலைச் சவப்பெட்டியிலிருந்து பிரிக்க முயன்றபோது, அடக்கத்தின்போது ஊற்றப்பட்ட பிசின் இறுகி, உடலும் முகக்கவசமும் தங்கப்பெட்டியும் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன. தலையையும் கைகால்களையும் துண்டு துண்டாக்கித்தான் வெளியே எடுத்தார்கள். முகக்கவசத்தைச் சூடேற்றிய கத்திகளால் பெயர்த்தார்கள். இதையெல்லாம் அறிந்து அந்தப் பேழையின் முன் நிற்பவருக்கும், அறியாமல் செல்பேசியை நீட்டுபவருக்கும் ஒரே அனுபவம் கிடைக்கப்போவதில்லை. ஆனால் கல்லறைக்குள் இதைச் சொல்ல ஆளில்லை. பள்ளத்தாக்கின் கல்லறைகளுக்குள் வழிகாட்டிகள் விளக்கம் சொல்லக் கூடாது என்பது விதி. கூட்டம் தேங்காமல் இருக்கச் செய்த நல்ல ஏற்பாடுதான், ஆனால் வெளியே வெயிலில் நின்று கேட்ட விளக்கம் உள்ளே போகும்போது பாதி மறந்துபோகிறது.

எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி அந்த வெயில் நேரத்தின் பெரும்பகுதியை, கல்லறையைத் திறந்தவர்களைச் சாவு தேடிவரும் என்னும் சாபக்கதைக்கே செலவிட்டார். அகழாய்வுக்குப் பணம் கொடுத்த கார்னர்வான் பிரபு 1923 ஏப்ரலில், கொசுக்கடித்த இடம் சீழ்பிடித்துக் காய்ச்சல் கண்டு இறந்தது உண்மை. அதே கல்லறைக்குள் முதன்முதலில் நுழைந்த சிலரில் ஒருவரான அவருடைய மகள் ஈவ்லின் 1980 வரை வாழ்ந்தார். பத்தாண்டுகள் அதற்குள்ளேயே உழன்ற கார்ட்டர் 1939இல்தான் காலமானார். அரசனின் உடலைத் துண்டித்த டெர்ரி எண்பது வயதைத் தாண்டினார். சாபம் ஆளைத் தேர்ந்தெடுப்பதில் மிகவும் அலட்சியமாக இருந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி நகல். மாட்ரிட் நகரைச் சேர்ந்த ஃபேக்டம் ஆர்ட்டே என்ற அமைப்பு 2009இல் அசல் கல்லறையின் சுவர்களை லேசர் கருவிகளாலும் மிக நுட்பமான புகைப்படங்களாலும் பதிவுசெய்து, அந்தத் தரவுகளைக் கொண்டு சுவரின் மேடுபள்ளம், விரிசல், வண்ணம், மேலே சொன்ன பழுப்புப் புள்ளிகள் உட்பட அனைத்தையும் மறுபடி செய்திருக்கிறது. 2014 ஏப்ரல் 30 அன்று இது திறக்கப்பட்டது. நகல் என்றதும் பொருட்காட்சித் திடலில் நிற்கும் அட்டைக் கோட்டையை எதிர்பார்த்துப் போகிறவருக்கு இது அதிர்ச்சி தரும். படியிறங்கி அடக்க அறைக்குள் நின்றால், நிழலும் பூச்சின் சொரசொரப்பும் உண்மையாகவே இருக்கின்றன. மேலும், இங்கே கூட்டம் இல்லை. அசலில் பின்னால் நிற்பவருக்கு இடம்விட்டு நகர வேண்டியிருக்கும். இங்கே ஒரு சுவரின் முன் விருப்பம்போல் நிற்கலாம், உடன் வந்தவரோடு பேசலாம், சுட்டிக்காட்டலாம். ஆய் போர்த்திருக்கும் சிறுத்தைத் தோலை நான் உண்மையில் பார்த்தது இங்கேதான்.

ஆனால் இந்த இடத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியதற்கு முதன்மையான காரணம் வேறு. அசலில் இல்லாத ஒன்று நகலில் இருக்கிறது. கற்பேழையைச் சுற்றி அடக்க அறையை நிறைத்துக்கொண்டிருந்த, பொன் போர்த்திய மரக்கூடுகளான பொன்மண்டபங்களை வெளியே எடுக்க வழியில்லாமல், கார்ட்டர் தெற்குத் தடுப்புச் சுவரை இடித்தார். அந்தச் சுவரில் அரசனை வரவேற்கும் தெய்வங்களான ஹாத்தோரும் அனுபிஸும் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்ற ஐசிஸும், அவளுக்குப் பின்னால் அமர்ந்திருந்த மூன்று சிறு தெய்வங்களும் அந்த இடிப்பில் போய்விட்டார்கள். இடிப்பதற்கு முன் பர்ட்டன் எடுத்த கறுப்புவெள்ளைப் புகைப்படத்தைக் கொண்டு, மற்றச் சுவர்களின் வண்ணத்தைத் துணையாக வைத்து, அந்தப் பகுதியை மீட்டுருவாக்கி இங்கே வைத்திருக்கிறார்கள். ஓவியத் தொகுப்பு முழுமையாக இருப்பது நகலில்தான், அசலில் இல்லை என்ற விசித்திரமான நிலை இது. பயண ஏற்பாட்டாளர்களுக்கு நான் சொல்ல விரும்பும் பதிலும் இதுவே.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நகலுக்காக எடுத்த இந்தப் பதிவுகளை ஆராய்ந்த நிக்கோலஸ் ரீவ்ஸ் என்ற எகிப்தியவியலாளர், சுவரின் மேற்பரப்பில் கதவுகளின் தடம் தெரிவதாகவும், அவற்றுக்குப் பின்னால் அரசி நெஃபெர்டீட்டியின் அடக்க அறை இருக்கலாம் என்றும் 2015இல் எழுதினார். உலகமெங்கும் செய்தியானது. ராடார் சோதனைகள் முன்னுக்குப்பின் முரணான முடிவுகளைத் தந்த பின், 2018இல் இத்தாலிய ஆய்வுக்குழு அப்படி அறை எதுவும் இல்லை என்று அறிவித்தது. கல்லறையைப் பாதுகாக்கச் செய்த நகல், கல்லறையைத் துளைத்துப் பார்க்கும் ஆசையைக் கிளப்பிவிட்டது.

பக்கத்திலேயே இருக்கும் கார்ட்டரின் வீடு 2022 நவம்பரில், கண்டுபிடிப்பின் நூற்றாண்டையொட்டிச் சீரமைத்துத் திறக்கப்பட்டது. மண்சுவர் வீடு, நடுவில் கவிமாடம். மேசையும் இருட்டறையும் பார்க்க நன்றாகவே இருக்கின்றன என்றாலும் அதிக நேரம் பிடிக்காது. கார்ட்டர் தம் நூலில் நன்றியோடு பெயர் குறித்த அகமது கெரிகர், காத் ஹசன், ஹுசைன் அபு அவாத், ஹுசைன் அகமது சயீத் என்னும் நான்கு எகிப்திய மேற்பார்வையாளர்களையும், மண் சுமந்த நூற்றுக்கணக்கான ஆள்களையும் நினைத்துக்கொள்ள அந்தத் திண்ணை ஏற்ற இடம்.

கீசாவுக்கு வருவோம். கல்லறையில் கிடைத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களில் ஒரு பகுதி மட்டுமே பல பத்தாண்டுகளாகக் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்க அருங்காட்சியகத்தில் பார்வைக்கு இருந்தது. ஏனையவை கிடங்குகளிலும் வேறு அருங்காட்சியகங்களிலும் சிதறிக் கிடந்தன. கண்டுபிடித்த பிறகு முதன்முறையாக ஏறத்தாழ எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்திருப்பதுதான் இந்த அருங்காட்சியகத்தின் பெரும் பேறு. இங்கே முழுநாளையும் ஒதுக்கிவிடுங்கள். பத்து கிலோவுக்குச் சற்று மேற்பட்ட தங்க முகக்கவசத்தின் முன் எப்போதும் கூட்டம் இருக்கும். அதற்காகக் காத்திருந்து காலையை இழக்காமல் மற்றவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவது நல்லது. 110 கிலோ எடையுள்ள பொற்சவப்பெட்டியைப் பார்த்து வாய்பிளப்பது இயல்பு. எனக்கு அதைவிட அதன் வெளிப்பெட்டியின் பாதப்பகுதி முக்கியமாகப் பட்டது. கற்பேழையின் மூடி சரியாக உட்காராமல் பாதத்தின் நுனி இடித்ததால், தச்சர்கள் அங்கேயே அதைச் செதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். மரச்சிராய்கள் பேழைக்குள்ளேயே கிடந்ததைக் கார்ட்டர் கண்டார். பேழை படிகமணற்கல், மூடியோ கருங்கல். நிறம் பொருந்த வண்ணம் பூசி, நடுவில் விட்ட விரிசலைச் சாந்தால் மறைத்திருக்கிறார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய நான்கு பொன்மண்டபங்களின் பலகைகளில், எது எந்தத் திசைக்கு என்று குறித்துவைத்த அடையாளங்கள் உண்டு. இருந்தும் அவற்றைத் திசை மாற்றிப் பூட்டி, பொருந்தாத இடத்தில் சுத்தியலால் அடித்து நெருக்கியிருக்கிறார்கள். வெளிமண்டபத்தின் நீளம் ஐந்து மீட்டர். கீசாவில் அதைச் சுற்றி நடந்துவிட்டு, பிறகு லக்சரில் அந்த அடக்க அறையைப் பார்த்தால், வேலையாள்கள் எந்த நெருக்கடியில் நின்று அதைப் பூட்டினார்கள் என்பது புரியும். பேரரசு ஒன்றின் ஈமச்சடங்கு என்று நினைத்து உள்ளே போகிறோம். தச்சர்களின் தடுமாற்றத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறோம்.

உடலத்திலிருந்து எடுத்த உள்ளுறுப்புகளை வைத்த குடற்பேழைக்குள் இருந்த சிறு பொற்பெட்டிகளின் உட்புறத்தில் வேறொருவரின் பெயரை அழித்து இவன் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். நெஃபெர்நெஃபெருவாத்தன் என்ற முந்தைய ஆட்சியாளருக்காகச் செய்யப்பட்டவை அவை. முகக்கவசமும் அப்படியே மாற்றிப் பயன்படுத்தப்பட்டதா என்பதில் அறிஞர்களிடையே வாதம் நடக்கிறது.

அவசரத்தின் கதை இவ்வளவு என்றால், வாழ்வின் கதை சின்னப் பொருள்களில் இருக்கிறது. அவற்றுக்கு நேரம் ஒதுக்காதவர் கீசாவில் பாதியைத்தான் பார்த்தவர். கருங்காலி மரத்தில் தந்தம் பதித்த ஒரு குழந்தை நாற்காலி உண்டு. ஒன்பது வயதுக்காரன் உட்காரும் உயரம். அவனுடைய கையுறைகளும் இடைத்துணிகளும் மடித்துவைத்தபடி கிடைத்தன. பாதம் படும் பரப்பில் எதிரிகளின் உருவம் வரைந்த காலணி இருக்கிறது. நடக்கும் ஒவ்வோர் அடியிலும் எகிப்தின் பகைவரை மிதித்துக்கொண்டே போகலாம். வெள்ளியிலும் வெண்கலத்திலும் செய்த இரண்டு எக்காளங்களை 1939இல் பிபிசி வானொலிக்காக ஊதிக் காட்டினார்கள். குத்துவாளின் இரும்பு, விண்கல்லிலிருந்து வந்தது என்று 2016இல் உறுதிசெய்தார்கள். மதுச்சாடிகளின் தோளில் ஆட்சியாண்டு, திராட்சைத் தோட்டம், பொறுப்பாளரின் பெயர் எல்லாம் மையால் எழுதப்பட்டுள்ளன. எகிப்தில் அரசுப் பதிவேடுகள் எவ்வளவு ஒழுங்காக இருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கல்லறையில் இருந்த ஊன்றுகோல்கள் சுமார் 130. அவை பதவியின் அடையாளமாகவும் இருக்கலாம். ஆனால் 2010இல் வெளியான மருத்துவ ஆய்வு, இடது பாதத்தில் எலும்பு அழுகலும் வளைவும் இருந்ததாகவும், உடலில் மலேரியாக் கிருமியின் மரபணுத் தடயம் கிடைத்ததாகவும் சொல்லியது. பெற்றோர் உடன்பிறந்தவர்கள் என்றும், தந்தை பெரும்பாலும் முந்தைய அரசன் அக்கெனதெனாக இருக்கலாம் என்றும் அதே ஆய்வு கூறியது. பாதக்குறையை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். 2005இல் எடுத்த ஊடுகதிர்ப் படங்களில் இடது தொடையெலும்பின் முறிவு தெரிந்தது; மண்டையோட்டில் அடிபட்டுக் கொல்லப்பட்டான் என்ற பழைய கதை அத்தோடு வலுவிழந்தது. இறப்பின் காரணத்தை ஒரே வரியில் அறுதியிட்டுச் சொல்லும் வழிகாட்டியை நம்ப வேண்டாம்.

குடும்பமும் இந்தப் பொருள்களுக்கிடையே இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த சிறு பெட்டிகளுக்குள் பாட்டி தீயேயின் ஒரு கற்றை முடியை அவனோடு புதைத்திருந்தார்கள். முழு வளர்ச்சி பெறாமல் பிறந்த இரண்டு பெண் சிசுக்களின் உடலங்களும் சிறிய சவப்பெட்டிகளில் அவனோடு கிடைத்தன. அவனுக்கும், அக்கெனதென் - நெஃபெர்டீட்டி தம்பதியின் மகளான அரசி அங்கெசெனமூனுக்கும் பிறந்தவர்கள் என்றே கருதுகிறார்கள். பொன் அரியணையின் முதுகில் அந்த அரசி அவன் தோளில் தைலம் பூசுகிறாள். மேலே ஆத்தன் சூரியனின் கதிர்கள் கைகளாக நீள்கின்றன. அக்கெனதென் புகுத்திய ஆத்தன் வழிபாட்டைக் கைவிட்டு, தன் பெயரையும் துட்டன்காத்தன் என்பதிலிருந்து மாற்றிக்கொண்டு, பழைய கோயில்களைச் சீர்படுத்தியதாகக் கர்னாக் கோயிலில் கல்லில் அறிவித்த அரசனின் இருக்கையில் அந்தக் கதிர்கள் அப்படியே இருக்கின்றன. சிறுவனைச் சுற்றியிருந்த ஆயும் படைத்தலைவர் ஹோரெம்ஹெப்பும்தான் அந்த மாற்றத்தை நடத்தியிருக்க வேண்டும். பின்னர் அரசரான ஹோரெம்ஹெப் அதே கர்னாக் கல்லில் இவன் பெயரைத் தன் பெயராக மாற்றிக்கொண்டார். அபிடோஸ் கோயிலில் பின்வந்த அரசன் முதலாம் சேத்தி பொறித்த அரசர் பட்டியல், அக்கெனதெனுக்கு முந்தைய மூன்றாம் அமென்ஹோதெப்பிலிருந்து நேரே ஹோரெம்ஹெப்புக்குத் தாவுகிறது. பட்டியலில் இடம் பெற்ற பலருக்குக் கிடைக்காத புகழ், பட்டியலிலிருந்து விலக்கப்பட்டவனுக்கு 1922இல் கிடைத்தது.

அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் எகிப்து பெயரளவிலேனும் சுதந்திர நாடாகியிருந்தது. பழைய வழக்கப்படி கண்டெடுத்தவருக்கும் பாதி என்று பங்கு போட்டிருந்தால், இன்று கீசாவில் இருப்பவற்றில் பல இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இருந்திருக்கும். எகிப்திய அரசு விட்டுக்கொடுக்கவில்லை. 1930இல் கார்னர்வான் குடும்பத்துக்குச் சுமார் 36,000 பவுண்டு செலவுத்தொகை கொடுத்துக் கணக்கை முடித்தது. இந்தத் தொகுப்பு சிதறாமல் ஒரே இடத்தில் நிற்பதற்கு அந்தப் பிடிவாதமே காரணம் என்பதால், கூடங்களைச் சுற்றி வருகையில் அதையும் எண்ணிக்கொள்ளலாம்.

பணமும் நேரமும் குறைவாக உள்ளவர்கள் எதை விடலாம் என்று கேட்பார்கள். கீசாவை விடவே முடியாது. லக்சரில் ஒன்றை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் நான் நகலையே பரிந்துரைப்பேன். அழகும் வேண்டும் என்பவர்கள் பள்ளத்தாக்கில் முதலாம் சேத்தியின் கல்லறையைப் பார்க்கலாம். அசல் உடலத்தை நேரில் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள், காலையில் கார்ட்டர் வீட்டு நகலைப் பார்த்துவிட்டுப் பிறகு பள்ளத்தாக்குக்குப் போவது நல்லது; எந்தச் சுவரில் எது என்று முன்பே தெரிந்திருப்பதால் மேடையில் கிடைக்கும் சில நிமிடங்கள் வீணாகாது. கோடையில் இந்த வரிசைக்கு மிகச் சீக்கிரம் கிளம்ப வேண்டும். காவலர்கள் ஓவியத்தைச் சுட்டிக்காட்டிவிட்டு அன்பளிப்பு எதிர்பார்ப்பது அங்கே வழக்கம், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்வம் மிகுந்தவர்களுக்கு நான்காவதாக ஒரு சீட்டையும் சொல்லிவைக்கிறேன். முக்கியப் பள்ளத்தாக்கிலிருந்து பிரிந்து செல்லும் மேற்குப் பள்ளத்தாக்கில் ஆய் அரசரின் கல்லறை இருக்கிறது. வண்டி வைத்துக்கொண்டுதான் போக வேண்டும், சீட்டும் தனி. துட்டன்காமனுக்காகத் தொடங்கப்பட்டதே அதுவாக இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. உள்ளே அதே பன்னிரண்டு பபூன்கள், ஏறத்தாழ அதே கையால் தீட்டியவைபோல் சுவரில் அமர்ந்திருக்கின்றன. ஆய் அரசரின் உருவங்களை மட்டும் யாரோ பழங்காலத்திலேயே கொத்திச் சிதைத்திருக்கிறார்கள்.